ஓஹாயோவுக்கு மவுசு இருந்த காலம்

ஓஹாயோவை இப்போது யாரும் சீண்டுவதில்லை. 2024 தேர்தலின் கடைசி வாரங்களில் கமலா ஹாரிஸும் டிரம்பும் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவிலேயே குடியிருந்தார்கள். எங்கள் பக்கம் எதற்கு வருவார்கள்? இங்கே முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. டிரம்ப் மூன்று முறை நின்று மூன்று முறையும் இங்கே சுலபமாக ஜெயித்தார். 1964 முதல் 2016 வரை ஓஹாயோ எவ்வழி, அமெரிக்கா அவ்வழி. ஒரு தேர்தல்கூடத் தப்பியதில்லை. 2020இல் அந்தப் பெருமையும் போயிற்று. இங்கே தோற்ற பைடன் வெள்ளை மாளிகைக்குப் போனார்.

இருபது வருடங்களுக்கு முன்னால் கதை வேறு. 2004இல் எங்களிடம் 20 தேர்வாளர் வாக்குகள் இருந்தன. அந்த 20 யாருக்கோ அவர்தான் ஜனாதிபதி என்று ஊரெல்லாம் பேச்சு. புஷ் வந்தார், துணை ஜனாதிபதி செனி வந்தார், எதிர்த்து நின்ற கெர்ரி வந்துகொண்டே இருந்தார். போர்டுமன் என்ற ஊரில் கெர்ரி காட்டுப்பச்சைச் சட்டை மாட்டிக்கொண்டு வாத்து வேட்டைக்குப் போனார். துப்பாக்கி வைத்திருக்கும் ஓட்டர்களுக்குத் தானும் துப்பாக்கி பிடிக்கிறவன்தான் என்று காட்ட வேண்டுமே. கொலம்பஸ் நகரத்துக்கு ஒருநாள் கெர்ரி புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனைக் கூட்டி வந்து பாட வைத்தார். மறுநாளே புஷ் அர்னால்டைக் கூட்டி வந்து கூட்டம் போட்டார். அலுவலகம் விட்டுக் காரை எடுத்தால் சாலையை மறித்திருப்பார்கள். தலைவர் கார் போகும்வரை நிற்க வேண்டும். மன்னார்குடியில் வளர்ந்தவனுக்கு இது ஒன்றும் புதிதில்லை. ஆனால் அமெரிக்காவில் இப்படி நிற்பேன் என்று நினைத்ததில்லை.

எனக்கு ஓட்டு இல்லை. எச்1பி விசாவில் இருந்தவன். அந்த விசாவின் வருடாந்தர அளவை அப்போதுதான் 1,95,000இலிருந்து 65,000ஆகக் குறைத்திருந்தார்கள். மனைவிக்கு எச்4. அவள் ஊரில் கல்லூரியில் வேதியியல் நடத்தியவள். இங்கே சம்பளத்துக்கு ஒரு துரும்பைக்கூட நகர்த்தக் கூடாது என்பது சட்டம். அது தளர்ந்ததே 2015இல்தான், அதுவும் எல்லோருக்கும் இல்லை.

கொலம்பஸில் கிளின்டன்வில் என்ற பகுதியில் ஒட்டுவீடு ஒன்றில் குடியிருந்தோம். நடுவில் ஒரே சுவர், முன்னால் ஒரே திண்ணை, இரண்டு வாசல். மறுபாதியில் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்ற ஒரு அம்மாள் தனியாக இருந்தார். எதிரில் பேசும்போது 'மேம்'; எங்களுக்குள் அவர் டீச்சரம்மா. வெயிற்காலம் முழுக்க அந்தத் திண்ணையில்தான் எங்கள் சாயங்காலம். அபு கிரைப் சிறைப் படங்கள் வெளியாகியிருந்த வருடம் அது. டீச்சரம்மா பேப்பரை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, படிக்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் டீ எடுத்துக்கொண்டு போனால்தான் பேச்சு ஆரம்பமாகும். ஆரம்பித்தால் நிற்காது.

புல்வெளியில் கெர்ரி, அவருடைய துணை வேட்பாளர் எட்வர்ட்ஸ் பெயர் போட்ட பலகை ஒன்று நட்டிருந்தார். ஒரு ராத்திரி யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இன்னொன்று வாங்கி நட்டார், அதுவும் போயிற்று. மூன்றாவதை, மொட்டைமாடியில் காயும் வடாத்தை எடுப்பதுபோல, பொழுது சாய்ந்ததும் எடுத்து உள்ளே வைத்துக் காலையில் மறுபடி நடுவார். 'எதற்கு இந்தச் சிரமம், சும்மா விட்டுவிடலாமே' என்றேன். 'எடுத்தவன் நான் சோர்ந்துவிட்டேன் என்று நினைப்பான்' என்றார்.

அவருடைய சாப்பாட்டு மேசைதான் எங்கள் தெருவின் தேர்தல் காரியாலயம். ஒரு பக்கம் ஓட்டர் பட்டியல், ஒரு பக்கம் துண்டுப் பிரசுரக் கட்டுகள், நடுவில் சுழற்றும் எண்கள் தேய்ந்துபோன ஒரு பழைய தொலைபேசி. என் மனைவி ஐந்து மாத வயிற்றோடு அந்த மேசையில் உட்கார்ந்து பிரசுரங்களை மூன்றாக மடித்துக் கொடுப்பாள். அவள் மடிப்பில் ஓரம் ஒரு நூல் விலகாது. ஒருநாள் நான் இருபது டாலரை எடுத்து நீட்டினேன், கட்சிக்கு எங்கள் பங்கு என்று. டீச்சரம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். குடியுரிமையோ பச்சை அட்டையோ இல்லாதவர் தேர்தலுக்குக் காசு கொடுக்கக் கூடாது. சம்பளமில்லாமல் உழைக்கலாம், தப்பில்லை. அதுதான் சட்டம். வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னாள்: "ஓட்டும் போடக் கூடாது, காசும் குடுக்கக் கூடாது. மடிச்சுக் குடுக்க மட்டும் ஆளு வேணுமாக்கும்." மறுநாள் காலையில் எனக்கு முன்னால் எழுந்து மடிக்கப் போய்விட்டாள். அந்த ஊரில் அவளை வேலைக்குக் கூப்பிட்ட ஒரே இடம் அந்த மேசை.

டீச்சரம்மாவுக்குக் கோபம் புஷ் மேல் மட்டும் இல்லை. 2000இல் மூன்றாம் கட்சி வேட்பாளர் ரால்ஃப் நேடருக்கு ஓட்டுப் போட்டவர்கள் மேல் அதைவிட அதிகம். ஃபுளோரிடாவில் ஜனநாயகக் கட்சியின் அல் கோர் 537 ஓட்டில் தோற்றார். அங்கே நேடர் வாங்கியது தொண்ணூறாயிரத்துக்கு மேல். அதில் ஒன்று டீச்சரம்மாவின் அண்ணன் மகன் போட்டது. நான்கு வருடமாக அவனோடு பேச்சு இல்லை. இதைச் சொல்லி முடித்த அதே மூச்சில் 1968 கதையையும் சொல்வார். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்தபோது அவருக்கு இருபத்தெட்டு வயது. சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாடு நடக்கும்போது வெளியே போலீஸ் மாணவர்களை அடித்து நொறுக்கியதை டிவியில் பார்த்தவர். அந்த நவம்பரில் ஓட்டுச் சாவடிக்குப் போய் மற்ற எல்லாப் பதவிகளுக்கும் குறி போட்டுவிட்டு, ஜனாதிபதி இடத்தை மட்டும் காலியாக விட்டு வந்தார். கட்சி வேட்பாளர் ஹம்ஃப்ரிக்குப் போடக் கை வரவில்லையாம். நிக்சன் மயிரிழையில் ஜெயித்தார். ஓஹாயோவும் நிக்சனுக்கே போனது.

'வருத்தப்பட்டதில்லையா?' என்று கேட்டாள் என் மனைவி.

'இல்லை. இன்றைக்கும் அதையேதான் செய்வேன்.'

'அப்போ உங்க அண்ணன் பையன் செஞ்சது?'

'அது வேறு' என்றார் டீச்சரம்மா. எப்படி வேறு என்று கடைசிவரை சொல்லவில்லை.

என் பாடு தர்மசங்கடம். கெர்ரி மேடைக்கு மேடை வேலைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி முதலாளிகளைத் திட்டினார். பெனடிக்ட் ஆர்னால்ட் என்ற பழைய தேசத்துரோகியின் பெயரைச் சொல்லித் திட்டினார். திட்டு முதலாளிக்குத்தான் என்றாலும், அந்த வேலை போய்ச் சேரும் இடத்து ஆள் நான். அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசைக்காரர் இருபது வருடத்துக்கு மேலாக ஒரே நிரலைக் கட்டிக் காத்தவர். டிசம்பரோடு அவருடைய வேலை சென்னைக்குப் போகிறது. போவதற்குள் அவர் எங்களுக்குக் 'கே.டி.' கொடுக்க வேண்டும். தனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதன் கம்பெனிப் பெயர் அது. ஒரு குறிப்பேட்டில் நுணுக்கமான எழுத்தில் எழுதி வைத்திருந்த பிழைத் திருத்தங்களைக்கூட மறைக்காமல் எனக்குக் காட்டினார். அவருடைய காரில் ஒட்டியிருந்தது புஷ் பெயர். புஷ்ஷின் பொருளாதார ஆலோசகர் மேன்கியூ, வேலைகள் வெளிநாடு போவது நீண்ட காலத்தில் நல்லதுதான் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட வருடம் அது. அப்படியும் அவர் ஓட்டு அந்தப் பக்கம்.

அந்த வருடம் வெளிவந்த தாமஸ் ஃபிராங்கின் 'வாட்ஸ் த மேட்டர் வித் கேன்சஸ்' புத்தகத்தை டீச்சரம்மா எனக்குப் படிக்கக் கொடுத்தார். ஏழைபாழைகள் தங்கள் வயிற்றுக்கு எதிராக ஏன் ஓட்டுப் போடுகிறார்கள் என்று கேட்கிற புத்தகம். நல்ல புத்தகம்தான். ஆனால் அந்தக் கேள்வியிலேயே ஒரு மேட்டிமை இருக்கிறது. எதிர் மேசைக்காரரிடம் அதை யாரும் நேராகக் கேட்டிருக்க மாட்டார்கள். நானும் கேட்கவில்லை, கே.டி. வாங்குகிறவன் கேட்கக்கூடிய கேள்வியா அது?

கெர்ரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வியட்நாமில் சண்டை போட்டுப் பதக்கம் வாங்கியவர். புஷ் அந்தக் காலத்தில் டெக்சாஸில் தேசியக் காவல்படை விமானப் பிரிவில் இருந்தவர், போர்முனையைப் பார்க்கவில்லை. ஆகஸ்டில் கெர்ரியைத் தாக்கி 'ஸ்விஃப்ட் போட்' விளம்பரங்கள் வந்தன. போருக்குப் போனவரின் வீரம் பொய் என்று நாடே பேச ஆரம்பித்தது. அவை முதலில் ஓடிய மூன்று மாநிலங்களில் எங்களுடையதும் ஒன்று. கெர்ரி வாரக்கணக்கில் அதற்குச் சரியாக வாய் திறக்கவில்லை. டீச்சரம்மா டிவியைப் பார்த்துக் கத்துவார், 'பேசுடா, பேசேன்டா' என்கிற தொனியில். ஈராக் செலவுக்கான 87 பில்லியன் டாலருக்கு முதலில் ஆதரித்து ஓட்டுப் போட்டேன், பிறகு எதிர்த்துப் போட்டேன் என்று கெர்ரி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதை எதிராளிகள் விளம்பரமாக்கினார்கள். அவர் கடலில் பாய்ப்பலகை ஓட்டும் படத்தை எடுத்து, காற்றடிக்கும் பக்கம் சாய்கிறவர் என்று இன்னொன்று. லிபரல்களின் வயிற்றெரிச்சல் இதுதான்: நம் ஆள் அறிவாளி, நியாயம் நம் பக்கம், ஆனால் ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லையே!

எல்லாவற்றையும் நான் ஒப்பித்தது மன்னார்குடியில் இருந்த அப்பாவிடம். தபால் தந்தி இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்தியக் கடையில் தொலைபேசி அட்டை வாங்கி, வெள்ளிக்காசால் சுரண்டி, வரிசையாக எண்களை அடித்து, மீதி நிமிடம் எத்தனை என்று ஒரு பெண்குரல் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தால் அப்பா வருவார். அந்த மே மாதம்தான் 'இந்தியா ஒளிர்கிறது' என்ற வாஜ்பாய் அரசு கவிழ்ந்திருந்தது. தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்ந்து நாற்பதுக்கு நாற்பதும் தி.மு.க. அணிக்கு. அந்தத் தெம்பில் இருந்தார் அப்பா.

"ஒளிர்றவனே போயிட்டான், சண்டை போடுறவன் நிப்பானாடா தம்பி? நீ வேணா பாரு."

போன தேர்தலில் கோர் நாடு முழுக்க ஐந்து லட்சம் ஓட்டுக்கு மேல் கூடுதலாக வாங்கியும் தோற்றார் என்பதைச் சொன்னால், "அது நம்ம ஊர்லயும்தான். ஓட்டு ஒரு பக்கம், சீட்டு ஒரு பக்கம். இதுக்குப் போயி மனசை விட்டுக்கிட்டு" என்பார். அவருக்குத் தாங்காதது வேறொன்று. அந்த வருடம் இந்தியா முழுவதும் பொத்தானை அழுத்தி ஓட்டுப் போட்டது. ஓஹாயோவில் பெரும்பாலான மாவட்டங்களில் இன்னும் அட்டையில் ஓட்டை குத்திக்கொண்டிருந்தார்கள். "சந்திரனுக்குப் போனவனுக்கு மிஷின் வாங்கக் காசு இல்லையா?"

மிஷின் என்று சொல்லி அப்பா தெரியாமலே சரியான இடத்தைத் தொட்டுவிட்டார்: கோளாறு தேர்தலை நடத்திய விதத்தில். மாநிலத்தின் தேர்தலை நடத்தும் செயலாளர் கென் பிளாக்வெல். அவரே புஷ் பிரசாரக் குழுவின் கௌரவ இணைத்தலைவர்! வாக்காளர் பதிவுப் படிவம் இன்ன தடிமன் தாளில்தான் இருக்க வேண்டும், மெல்லிய தாளில் வந்தால் செல்லாது என்று செப்டம்பரில் ஓர் உத்தரவு போட்டு, கூச்சல் எழுந்த பிறகு பின்வாங்கினார்.

இங்கிலாந்தின் 'கார்டியன்' பத்திரிகை செய்த கூத்தையும் சொல்லாமல் விட முடியாது. ஓஹாயோவில் கிளார்க் என்ற மாவட்டத்து ஓட்டர்களுக்கு, புஷ்ஷுக்குப் போடாதீர்கள் என்று கடிதம் எழுதச் சொல்லித் தன் வாசகர்களை ஏவிவிட்டது. அந்த மாவட்டத்தின் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டு. டேட்டன் பக்கத்துக் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் நாங்கள் கடந்து போகும் ஊர். லண்டன்காரன் யார் எங்களுக்குப் புத்தி சொல்ல என்று ஊரே சிலிர்த்துக்கொண்டது. 2000இல் கோருக்குப் போட்ட மாவட்டம் 2004இல் புஷ் பக்கம் போயிற்று. டீச்சரம்மா அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். படித்தவர்கள் உதவி செய்ய வந்தாலே இப்படித்தான் என்றார், தன்னையும் சேர்த்துத்தான்.

நவம்பர் 2, செவ்வாய். காலையிலிருந்து மழை. நான் விடுப்பு போட்டிருந்தேன். கிளின்டன்வில்லில் வரிசை பரவாயில்லை. பல்கலைக்கழகத்தை ஒட்டியும், கறுப்பின மக்கள் வசிக்கும் கிழக்குப் பகுதிகளிலும் வரிசை நகரவே இல்லை என்று டீச்சரம்மாவுக்குத் தொலைபேசி வந்துகொண்டே இருந்தது. மனைவி பெரிய வாணலியில் ரவா உப்புமா கிளறி, காகிதக் கோப்பைகளில் போட்டு, கரண்டி செருகிக் கொடுத்தாள். நான் டீ கேனைத் தூக்கிக்கொண்டேன். டீச்சரம்மா கார் ஓட்டினார்.

ஒரு பள்ளிக்கூடத்தைச் சுற்றி வரிசை வளைந்து கிடந்தது. சாவடியிலிருந்து நூறடி தூரத்தில் இரண்டு சின்ன அமெரிக்கக் கொடிகள் நட்டிருந்தன. அதற்கு உள்ளே கட்சிப் பேச்சு கூடாது. டீச்சரம்மா தன் சட்டையில் குத்தியிருந்த கெர்ரி பொத்தானைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் கொடியைத் தாண்டினார். குடை இல்லாதவர்கள் தலையில் குப்பைப் பையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார்கள். மருத்துவமனைச் சீருடையில் ஒரு பெண், கையில் தூங்கும் குழந்தை. இரண்டு மணி நேரமாக நிற்கிறாராம், மூன்று மணிக்கு வேலைக்குப் போயாக வேண்டும். உப்புமாவை வாங்கி முகர்ந்து பார்த்து, 'இது என்ன கிரிட்ஸா?' என்று கேட்டுவிட்டுச் சாப்பிட்டார். அவர் சாப்பிடும் வரை குழந்தையை டீச்சரம்மா வாங்கிக்கொண்டார். நாங்கள் வரிசையின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தபோது அந்த இடத்தில் அவர் இல்லை. ஓட்டுப் போட்டுவிட்டுப் போனாரா, போடாமலே போனாரா, தெரியாது. அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது.

கேம்பியர் என்ற சின்ன ஊரில் கென்யன் கல்லூரி இருக்கிறது. அங்கே ஆயிரத்துச் சொச்சம் ஓட்டர்களுக்கு இரண்டே மிஷின். மாணவர்கள் பத்து மணி நேரம் நின்றார்கள். கடைசி ஓட்டு விழும்போது மறுநாள் விடிகாலை நான்கு மணி.

சாயங்காலம் வாக்குச் சாவடிக் கணிப்புகள் கெர்ரிக்குச் சாதகம் என்று வந்து, டீச்சரம்மா ஒயின் திறந்தார். நள்ளிரவு தாண்டியதும் இரண்டு தொலைக்காட்சிகள் ஓஹாயோவைப் புஷ்ஷுக்குக் கொடுத்துவிட்டன, மற்றவை கொடுக்கவில்லை. எட்வர்ட்ஸ் பாஸ்டன் மேடைக்கு வந்து இன்னொரு ராத்திரி பொறுப்போம் என்றார். மனைவி சோபாவிலேயே தூங்கிப்போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் டீச்சரம்மாவின் டிவி விடியவிடிய ஓடியது. எங்கள் டிவியை அணைத்த பிறகும் செய்தி சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது.

வித்தியாசம் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் ஓட்டு சொச்சம். அதே சீட்டில் ஒருபால் திருமணத்துக்குத் தடை கேட்ட முதலாம் தீர்மானமும் இருந்தது. நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் அதற்கு ஆம் சொன்னார்கள். மறுநாள் மத்தியானம் கெர்ரி தோல்வியை ஒப்புக்கொண்டு பேசியதை அலுவலகச் சாப்பாட்டுக்கூடத்து டிவியில் பார்த்தேன். எதிர் மேசைக்காரரும் தட்டோடு வந்து பக்கத்தில் நின்றார். முழுப் பேச்சையும் கேட்டுவிட்டு, 'உங்கள் ஆள் நன்றாகப் பேசினார். இப்படி முன்னாலேயே பேசியிருக்கலாம்' என்றார். கேலி இல்லை. பிறகு இருவரும் மேலே போய்க் கே.டி.யைத் தொடர்ந்தோம்.

"புஷ்ஷே வந்துட்டானாமே" என்றார் அப்பா. "சரி விடு. உனக்கு வேலை இருக்குல்ல? புள்ளைத்தாச்சியைப் பாத்துக்க."

மார்ச்சில் மகள் பிறந்தாள். ஓட்டுரிமை இல்லாத வீட்டில், ஜனாதிபதியாகவே ஆகக்கூடிய ஒரு பிரஜை. டீச்சரம்மா அவளுக்குக் கம்பளி நூலில் பின்னிக் கொடுத்த தொப்பி நீல நிறம், கட்சி நிறம். அதற்கடுத்த வருடம் நாங்கள் வீடு மாறினோம். 2008இல் ஒபாமா ஓஹாயோவை ஜெயித்த ராத்திரி டீச்சரம்மாவிடமிருந்து தொலைபேசி. இரண்டு பேரும் என்ன பேசினோம் என்றே தெரியாத அளவுக்குக் கத்தினோம். அண்ணன் மகனோடு பேச ஆரம்பித்துவிட்டதாகவும் அன்று சொன்னார். 2015 தொடக்கத்தில் போனார். டிரம்ப் பெயரை ஓட்டுச் சீட்டில் பார்க்காமலே. அப்பா அதற்கும் முன்னால் போய்விட்டார். தொலைபேசி அட்டை விற்ற கடை இப்போது நகப்பூச்சு நிலையம். எதிர் மேசைக்காரரின் குறிப்பேடு பிற்பாடு பல வருடம் என் மேசையில் கிடந்தது, கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது, அப்புறம் அதுவும் நின்றது.

அந்த நாட்களில் எங்கள் கோபமெல்லாம் சேர்ந்து கொட்டியது டிக் செனியின் தலையில். அவர் 2024 செப்டம்பரில் கமலா ஹாரிஸுக்கு ஓட்டுப் போடுவேன் என்று அறிவித்தார். அந்தச் செய்தியைக் காட்ட டீச்சரம்மா இல்லையே என்றுதான் முதலில் தோன்றியது. காபியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்திருப்பார், அல்லது சிரிக்காமல் 1968 கதையை எடுத்திருப்பார். அதே செப்டம்பரில் விவாத மேடையில் டிரம்ப், ஸ்பிரிங்ஃபீல்டில் ஹைட்டிக்காரர்கள் வீட்டு நாய் பூனைகளைத் தின்கிறார்கள் என்றார். கார்டியன் கடிதம் போட்ட அதே ஸ்பிரிங்ஃபீல்டு! அடுத்தடுத்த நாட்களில் அந்த ஊருக்கு வெடிகுண்டு மிரட்டல், பள்ளிகளைக் காலி செய்தார்கள். 2004இல் கடிதம் போட்டதற்கே கொதித்த ஊர். அன்றைக்கு நாங்கள் பட்ட வேதனை வேதனைதான். ஆனால் ஒருவரையொருவர் வாதாடித் திருத்திவிடலாம் என்ற நினைப்பு அதற்குள் இருந்தது. அந்த நினைப்பை எந்த வருடத்தில் தொலைத்தோம் என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

பச்சை அட்டை வரிசையில் காத்துக் கிடந்து, குடியுரிமை வாங்கி, நான் போட்ட முதல் ஓட்டு 2020இல். தபாலில் போட்டேன். மகளின் முதல் தேர்தல் 2024. மிச்சிகனில் படிக்கிறாள். அங்கேதான் அந்த வருடம் முதல்நிலைத் தேர்தலில் காசாவுக்காக ஒரு லட்சம் பேருக்கு மேல் பைடனுக்குப் போடாமல் 'யாருக்கும் உறுதியில்லை' என்ற கட்டத்தில் குறி போட்டார்கள். நவம்பர் முடிந்து விடுமுறைக்கு வந்தவள், மற்ற எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டு ஜனாதிபதி இடத்தைக் காலியாக விட்டதாகச் சொன்னாள். அவள் அம்மா தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனாள். எனக்குக் கோபம் தொண்டைவரை வந்தது. மிச்சிகன் டிரம்புக்குப் போயிருந்தது.

திட்டுவதற்குப் பதில் திண்ணையில் கேட்ட 1968 கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"அந்தப் பாட்டி அதுக்கப்புறம் டெமாக்ரட்டுக்குப் போட்டாங்களாப்பா?"

"போட்டாங்க. 72லேயே போட்டாங்க, மெக்கவர்னுக்கு."

"அவர் ஜெயிச்சாரா?"

மாசசூசெட்ஸையும் தலைநகர் வாஷிங்டனையும் தவிர மெக்கவர்ன் எங்கேயும் ஜெயிக்கவில்லை என்று சொன்னேன்.